இல்லந்தோறும் திருமகளை எழுந்தருளச் செய்த ஓவியர் ராஜா ரவிவர்மா

நவராத்திரி வந்துவிட்டால் நம் இல்லங்களில் கொலு மேடைக்கு மேலே, சுவரின் நடுவே, இரண்டு திருவுருவப் படங்கள் மாலை சூடி வீற்றிருப்பதைக் காணலாம். ஒன்று, செந்தாமரை மலர்மீது நின்ற கோலத்தில் அருள்பாலிக்கும் திருமகள். அன்னையின் அருகே நீர்நிலையில் யானையொன்று மாலை ஏந்தி நிற்கும், அன்னம் நீந்தும். மற்றொன்று, ஆற்றோரத்துப் பாறையில் வெண்ணிறப் பட்டுடுத்தி அமர்ந்து வீணை மீட்டும் கலைமகள். அருகே மயில். விளக்கேற்றிக் கைகூப்பும் சிறுமி முதல் முதிய பாட்டி வரை எவரும் இவ்வடிவங்களைப் பார்த்தவுடன் இன்ன தெய்வம் என்று சொல்லிவிடுவர். தெய்வங்கள் தொன்றுதொட்டு இதே உடையில், இதே முகத்தோடு எழுதப்பட்டு வந்தனவாகவே பலரும் எண்ணியிருக்கிறோம். ஆனால் இவ்விரு வடிவங்களும் 1896ஆம் ஆண்டளவில் ஓர் ஓவியரின் தூரிகையிலிருந்து பிறந்தவை. அவர்தாம் ராஜா ரவிவர்மா.

அவர் பிறப்பதற்கு முன்னர் இறைவனின் திருவுருவம் எங்கே இருந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவறையில் கற்சிலையாகவும், வீதியுலாவில் பஞ்சலோகத் திருமேனியாகவும் இருந்தது. செல்வர் இல்லங்களில் பொன்தகடும் கற்களும் பதித்த தஞ்சாவூர்ப் படங்கள் இருந்தன. எளியவர் வீட்டில் விளக்கு ஒன்றே தெய்வம். அல்லது மஞ்சளில் பிடித்த பிள்ளையார். கோயிலுக்குள் நுழையவே உரிமையில்லை என்று தடுக்கப்பட்ட மக்களோ கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்துக் கும்பிட்டுத் திரும்பினர். அம்மக்களுக்குத் தாம் வணங்கும் தெய்வத்தின் திருமுகம் எப்படியிருக்கும் என்பதே தெரியாது. ரவிவர்மாவின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகையில் இந்நிலையை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

கிளிமானூர் அரண்மனை

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள கிளிமானூரில், 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் தலைமுறை தலைமுறையாக மணவுறவு கொண்டது. நவீன திருவிதாங்கூரை நிறுவிய மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் தந்தையாரும் இக்குடும்பத்தவரே. அன்னை உமாம்பா பாயி கவிபாடும் ஆற்றல் பெற்றவர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாடலை இயற்றியவர். தந்தையார் எழுமாவில் நீலகண்ட பட்டதிரிப்பாடு வடமொழிப் புலமை மிக்கவர். வீட்டிற்கு வெளியே கதகளி, உள்ளே புராணம் என்று வளர்ந்த பிள்ளை ரவிவர்மா. கரித்துண்டு கையில் கிடைத்தால் அரண்மனைச் சுவரெல்லாம் யானையும் குதிரையுமாக நிறைந்துவிடும் என்பர். பணியாளர் முகஞ்சுளிக்க, தாய்மாமன் ராஜராஜவர்மா மட்டும் அச்சுவரைப் பார்த்து மகிழ்ந்தார். அவர் தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதக் கற்றவர். ஆகவே ரவிவர்மாவின் முதற்பாடம் தமிழகத்துக் கலையிலிருந்து பிறந்தது எனலாம்.

1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். கலைப்பற்று மிகுந்த மகாராஜா சிறுவனைத் தம் அரண்மனையிலேயே தங்கியிருந்து கற்குமாறு பணித்தார். 1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதி பாயியை ரவிவர்மா மணந்தார். அம்மையாரின் சகோதரியர் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்டு இராணியரானவர்கள்.

எண்ணெய் வண்ணம் என்பது அக்காலத்தில் நம் நாட்டிற்குப் புதிது. அதன் நுட்பம் அறிந்தவர் மிகச் சிலர். அரண்மனை ஓவியராக இருந்த மதுரை இராமசாமி நாயக்கருக்கு அது தெரியும். ஆனால் இளைஞனுக்குக் கற்றுத்தர அவர் உடன்படவில்லை. அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளையில் மறைவாக வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரின் உருவப் படங்களை வரைய வந்தார். அவரும் கற்பிக்க முன்வரவில்லை. வேலை செய்யும்போது அருகே நின்று பார்க்க மட்டும் இசைந்தார். அதுவே போதுமாயிற்று. எந்த வண்ணத்தை எதனோடு குழைத்தார், எதன்மேல் எதைப் பூசினார் என்பதைக் கண்ணால் கண்டு, அறைக்குத் திரும்பித் தாமே செய்து பார்த்து, பிழைத்து, மீண்டும் செய்து கற்றவர் ரவிவர்மா. குருவின் நாவிலிருந்து ஒரு சொல்லும் பெறாமல் ஒரு கலையைக் கற்பதென்பது எளிதன்று.

மூகாம்பிகையின் சந்நிதியில் நாற்பத்தொரு நாள்

ஓவியம் கைவந்த பிறகு வேறொரு தயக்கம் எழுந்தது. அரச குடும்பத்தோடு உறவுடைய ஒருவர் பொழுதுபோக்காகப் படம் எழுதலாம். அதை யாரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் கூலி பெற்றுக்கொண்டு பிறருக்குப் படம் எழுதுவதென்பது அக்காலத்தில் கைவினைஞரின் தொழில். கோயில் தம்புரான் ஒருவர் அத்தொழிலில் இறங்கினால் குலப்பெருமை என்னாவது? ஓவியமே வாழ்வு என்று மனம் சொல்ல, குலம் வேறொன்று சொல்லிற்று. தாம் யார், எவரைச் சேர்ந்தவர் என்னும் இக்கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

1870இல் ரவிவர்மா கொல்லூருக்குப் புறப்பட்டார். குடசாத்ரி மலையடிவாரத்தில் சௌபர்ணிகை நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் மூகாம்பிகை அன்னை, அலைமகள், கலைமகள், மலைமகள் ஆகிய மூன்று சக்திகளும் ஒன்றாகத் திகழ்பவள் என்பது ஐதிகம். கலைஞர்களுக்கும் கல்வி தொடங்கும் பிள்ளைகளுக்கும் அவள் சந்நிதி இன்றளவும் புகலிடம். அங்கே நாற்பத்தொரு நாள் விரதமிருந்து ரவிவர்மா பஜனம் செய்தார். ஒரு மண்டலம் முடித்துத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் நீதிபதியாக விளங்கிய கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் தம் குடும்பத்தாரின் உருவப் படத்தை எழுதித் தருமாறு கேட்டார். ஊதியம் பெற்று ரவிவர்மா வரைந்த முதற்படம் அதுவே. அன்னையிடம் கேட்டதற்கு விடை வழியிலேயே கிடைத்துவிட்டது என்று பக்தர்கள் கொள்வதில் வியப்பில்லை. அன்று முதல் அவர் தொழில்முறை ஓவியர்.

அதன்பின் புகழ் விரைந்து வந்தது. 1873இல் சென்னையில் நடந்த கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்திற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அப்படம் பரிசு பெற்றது. யாழ் போன்ற கருவியொன்றை மீட்டும் தமிழ்ப் பெண்ணை அவர் எழுதிய படம், 1875இல் இந்தியாவிற்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மகாராஜாவின் அன்பளிப்பாயிற்று. 1876இல், துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையின் படத்தைச் சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்ஹாம் கோமகன் விலைக்கு வாங்கினார். மோனியர் வில்லியம்ஸ் என்னும் வடமொழி அறிஞர் தம் சாகுந்தல மொழிபெயர்ப்பு நூலின் முகப்பில் அப்படத்தையே அச்சிட்டார்.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. அவருடைய படங்கள் வியன்னா சென்றன, இலண்டன் சென்றன, பிற்பாடு அமெரிக்காவின் சிகாகோ நகருக்கும் சென்றன. ஆனால் அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடல் கடந்தாரில்லை. கடல் தாண்டுவது ஆசாரக் கேடு என்று கருதிய சமூகத்தில் பிறந்தவர் அவர். பிழைப்பைத் தேடிக் கப்பலேறி மலாயாக் கரையில் இறங்கிய நம் முன்னோர்க்கு அத்தகைய தயக்கத்திற்கு இடமே இருந்ததில்லை.

தெய்வத்திற்கு எந்த ஊர் உடை?

ஆயில்யம் திருநாள் 1880இல் மறைந்தார். அவருக்குப்பின் அரியணையேறிய விசாகம் திருநாளுடன் ரவிவர்மாவிற்கு இணக்கம் ஏற்படவில்லை. அரண்மனை நிழல் அகன்றது. அவர் வெளிநாட்டுக்கல்ல, வெளியூர்களுக்குப் புறப்பட்டார். இது நன்மையாகவே முடிந்தது எனலாம். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் அவரைப் பரோடாவிற்கு அழைத்தார். 1881இல் இளம் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் முழு அதிகாரம் ஏற்ற வேளையில் ரவிவர்மா அங்கே சென்று மாதக்கணக்கில் தங்கிப் படங்கள் எழுதினார். உடன் சென்றவர் தம்பி சி. ராஜராஜவர்மா. அவரும் தேர்ந்த ஓவியர். அண்ணன் முகத்தை எழுத, தம்பி பின்னணியில் மலையும் நீரும் வானமும் எழுதுவார். பயணம், கடிதம், கணக்கு எல்லாம் தம்பியின் பொறுப்பு. இராமனுக்கு இலக்குவன் போல என்று அந்நாளில் அவர்களை அறிந்தோர் கருதியது பொருத்தமே.

1888இல் உதகமண்டலத்தில் பரோடா மன்னர் ரவிவர்மாவிடம் ஒரு பெரும்பணியை ஒப்படைத்தார். இராமாயண, மகாபாரதக் கதைகளிலிருந்து பதினான்கு படங்கள் எழுதித் தரவேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகே சிக்கலின் ஆழம் அவருக்குப் புலப்பட்டது.

சீதை எந்த நாட்டுப் பெண்? மிதிலையில் பிறந்து அயோத்தியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு மலையாளத்து முண்டு உடுத்தினால் வடநாட்டார் ஏற்பரா? வடநாட்டுப் பாவாடையும் முக்காடும் அணிவித்தால் தென்னாட்டார் தம் தாயாகக் கொள்வரா? கோயிற் சிற்பங்களில் தேவியர் மெல்லிய ஆடையும் நிறைந்த அணிகலனுமாக விளங்குவர். கல்லில் அது தெய்விகம். எண்ணெய் வண்ணத்தில், உயிருள்ள பெண்ணின் மேனி போலவே எழுதப்படும் படத்தில் அப்படி எழுதினால் கும்பிட வருவோர் கண்ணைத் தாழ்த்திக் கொள்வர். அன்றியும் அவர் பிறந்த திருவிதாங்கூரிலேயே மேலாடை என்பது பெருஞ்சண்டைக்குரிய பொருளாயிருந்தது. எந்தக் குலத்துப் பெண் தோளை மறைக்கலாம், எவள் மறைக்கலாகாது என்று வழக்கம் வகுத்திருந்த நாடு அது. தெற்கே நாடார் குலப் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டு துன்புற்று, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். அப்போது ரவிவர்மாவிற்கு வயது பதினொன்று.

விடை தேடி அண்ணனும் தம்பியும் வடநாடெங்கும் சுற்றினர். இந்நாடு முழுவதற்கும் பொதுவான உடை ஒன்று உண்டா என்று காண்பதே அப்பயணத்தின் நோக்கம். ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் உடுத்தும் முறை, கொண்டை முடியும் முறை, மூக்குத்தி, ஒட்டியாணம், வளையல் யாவற்றையும் பார்த்தனர். பொதுவுடை என்று ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் வேறு வேறாகவே இருந்தது. ஆதலால் பொதுவுடையை அவரே தேர்ந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் தேர்ந்தது புடவை. தோளின்மேல் வழியும் முந்தானை, பொற்சரிகைக் கரை, உள்ளே இரவிக்கை. தமயந்தியும் சகுந்தலையும் மோகினியும் திருமகளும் கலைமகளும் ஏறத்தாழ ஒரே குடும்பத்துப் பெண்கள் போலப் புடவையுடுத்தி நின்றனர். பஞ்சாபியும் தமிழரும் மராத்தியரும் வங்காளியரும் அவர்களைப் பார்த்துத் தம் வீட்டுப் பெண் என்றே கொண்டனர்.

அதே காலத்தில், 1889 அளவில், மைசூர் அரண்மனைக்காக அவர் எழுதிய படம் ஒன்று உண்டு. வெவ்வேறு பகுதிகளையும் சமூகங்களையும் சேர்ந்த பதினொரு பெண்கள் இசைக் கருவிகளோடு ஒரே இடத்தில் கூடியிருப்பர். முண்டு உடுத்த மலையாளப் பெண் வீணை ஏந்தியிருப்பாள். முஸ்லிம் பெண்ணும் உண்டு, ஐரோப்பிய உடையணிந்த பெண்ணும் உண்டு. ஒருத்தியின் முகத்திலும் சிரிப்பில்லை. இவர்கள் ஒரே பாட்டைப் பாடப் போகிறார்களா, அவரவர் பாட்டையா என்பதைப் பார்ப்பவர் சிந்தனைக்கே ஓவியர் விட்டுவிட்டார். இந்தியா என்று ஒரு நாடு அரசியல் வரைபடத்தில் உருப்பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய படம் இது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குச் செல்லும் அன்பர்கள் இதைத் தவறாமல் காணவேண்டும்.

பரோடாவுக்கான பதினான்கு படங்களும் 1890இல் நிறைவெய்தின. பரோடா செல்லுமுன் அவை திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பம்பாயில் மக்கள் திரள் திரளாக வந்தனர். அவற்றின் புகைப்பட நகல்கள் ஏராளமாக விற்பனையாயின. அடுத்த ஆண்டு, 1891இல், மனைவியார் பாகீரதி பாயி காலமானார். ரவிவர்மா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு இந்தியப் பெண்களின் வாழ்வைச் சித்திரிக்கும் பத்துப் படங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். சுவாமி விவேகானந்தர் சர்வ சமயப் பேரவையில் முழங்கியதும் அதே ஆண்டு, அதே நகரில்தான்.

கல்லில் எழுதிய திருவுருவம்

பம்பாயில் கூடிய கூட்டத்தை மறக்க முடியவில்லை. ஓர் ஓவியத்தை ஒரு மன்னர்தான் வாங்க முடியும். அதை அரண்மனைக்குள் வைத்தால் சிலர்தாம் காண்பர். விரும்பும் எல்லார்க்கும் படம் கிடைக்கச் செய்வது எப்படி? படங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண நகல்கள் எடுக்கலாம் என்று மாதவராவ் முன்னரே கடிதவழி யோசனை கூறியிருந்தார். ரவிவர்மா ஒரு படி மேலே சென்றார். 1894இல் பம்பாய் காட்கோபரில் சொந்தமாகவே அச்சகம் நிறுவினார். எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழில்நுட்பம் அறிந்த ஜெர்மானியர்களும் வந்தனர்.

அது கல்லச்சு முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புப் பாறைப் பலகையில் கொழுப்புச் சேர்ந்த மையால் படத்தை எழுதுவர். கல்லை நீரால் நனைத்தால் மை எழுதிய இடம் நீரை ஏற்காது. மற்ற இடம் ஏற்கும். அதன்மேல் அச்சுமையை உருட்டினால் எழுதிய இடத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரு வண்ணத்திற்கு ஒரு கல். திருமகளின் புடவைக்கு ஒன்று, தாமரைக்கு ஒன்று, மேனிக்கு இரண்டு மூன்று என்று ஒரே தாளைக் கல்லுக்குக் கல் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் தெய்வத்தின் கண் இடம் மாறிவிடும். இறுதியில் மெருகெண்ணெய் பூசி எண்ணெய் ஓவியம் போலவே மினுங்கச் செய்வர்.

சகுந்தலையின் பிறப்பு முதலில் வந்தது. திருமகளும் கலைமகளும் தொடர்ந்தனர். வள்ளி தெய்வானையுடன் மயில்மீது விளங்கும் ஆறுமுகப் பெருமானும் வந்தார். தைப்பூசக் காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் விற்கும் எத்தனையோ முருகன் படங்களுக்கு அந்தப் படமே மூலம். கங்கை பூமியில் இறங்குதல், சடாயு வதம், கடலரசன்மேல் இராமபிரான் அம்பு தொடுத்தல் என்று நாட்டின் நாற்றிசைக்கும் படங்கள் சென்றன. செட்டிநாட்டு வளவுகளின் சுவர்களில் அவை வரிசையாக ஏறின. பெண்கள் தாம் வாங்கிய படத்தின்மேல் சரிகையும் சம்கியும் பட்டுத் துணியும் ஒட்டித் தெய்வத்திற்குத் தம் கையால் ஆடை அணிவித்தனர். தோட்டத்து லயங்களில், மண்ணெண்ணெய் விளக்கின் கீழ், தகரப் பெட்டிமேல் சாய்த்து வைத்த படத்தின் முன்னர்க் கற்பூரம் காட்டிய நம் பாட்டன்மார் வணங்கிய திருமுகமும் அவ்வழியே வந்ததுதான். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவன் சில அணாக்களுக்குத் தன் தெய்வத்தை வாங்கிக் குடிசைக்குக் கொண்டு போனான். அதைத் தடுக்க எந்த வழக்கமும் இல்லை.

ரவிவர்மா சமூகச் சீர்திருத்தம் கருதி அச்சகம் தொடங்கினார் என்று கூறுவதற்கில்லை. ஆசாரங்களை மீறாமல் வாழ்ந்தவர் அவர். அச்சகம் ஒரு வணிக முயற்சியே. ஆயினும் விளைவு நோக்கத்தைக் கடந்து சென்றது.

வணிகத்தில் அவர் வெல்லவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. தொழிலாளர் அஞ்சி ஓடினர். அச்சகம் லோணாவளைக்கு அருகே மளவளி என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. செலவு ஏறிற்று, கடன் பெருகிற்று. தூரிகை பிடிக்க வேண்டிய கைகள் கணக்கேட்டைப் புரட்ட வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சகத்தையும் பல படங்களின் அச்சுரிமையையும், அங்கே பணிபுரிந்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்றுவிட்டார். உலகமெங்கும் உள்ள இந்துக்களின் பூசையறைக்குப் படம் தந்தவருக்கு அப்படங்களால் மிஞ்சியது கடன் தீர்ந்த நிம்மதி ஒன்றுதான். அச்சகம் அவர் பெயராலேயே தொடர்ந்து நடந்தது. பிற்காலத்தில் ராஜா அரிச்சந்திரா என்னும் திரைப்படத்தை 1913இல் எடுத்து இந்தியத் திரைக்கலையின் தந்தை எனப் போற்றப்பட்ட தாதாசாகேப் பால்கேயும் அவ்வச்சகத்தோடு தொடர்புடையவராயிருந்தவரே. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர்தம் சீடர்களும் எழுதி, சிவகாசியில் அச்சாகி, ஆண்டுதோறும் நம் கடைகளுக்கு வந்த நாட்காட்டித் தெய்வங்களும் இவ்வழி மரபினரே.

அயலா, நம்மதா?

எல்லோரும் அவரைப் போற்றினர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் மறைந்த அடுத்த ஆண்டிலேயே கடுமையான கண்டனம் எழுந்தது. இலங்கைத் தமிழர் சர் முத்துக்குமாரசுவாமியின் திருமகனும், நடராசர் திருவுருவத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கியவருமான ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் படங்களில் ஐரோப்பியப் பாணியே உள்ளது, இந்திய ஆன்மா இல்லை என்றார். தெய்வங்கள் நாடக மேடை நடிகர் போல் நிற்கின்றன என்பது அவர் தரப்பின் குறை. சகோதரி நிவேதிதையும் அக்கருத்தினரே. வங்காளத்தில் தோன்றிய புதிய ஓவியர் குழு அவரை நம்மவர் அல்லர் என்றே ஒதுக்கிற்று.

இதில் உண்மை இல்லாமலில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனியின் முன் நிற்கையில் உண்டாகும் ஒடுக்கம் ரவிவர்மாவின் படத்தின் முன் உண்டாவதில்லை. அவருடைய திருமகள் அண்டை வீட்டு அம்மையார் போலவே இருக்கிறாள். ஆனால் கண்டித்த அறிஞர்கள் ஒன்றை நினைக்க மறந்தனர். அண்டை வீட்டு அம்மையார் போலிருந்ததால்தான் அடுக்களைப் பெண்ணும் அவளோடு பேச முடிந்தது. கருவி அயல்நாட்டுக் கருவி; வண்ணம் அயல்நாட்டு வண்ணம்; ஆனால் அதன்முன் ஏற்றிய விளக்கு நம் விளக்கு.

இறுதிக் காலம்

1904இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கியது. அதில்தான் முதன்முதலாக அவர் பெயர் ராஜா ரவிவர்மா என்று குறிக்கப்பட்டது. திருவிதாங்கூரில் அப்போது ஆண்ட மூலம் திருநாள் மகாராஜா இதற்கு மறுப்புத் தெரிவித்தார். உலகம் ராஜா என்று அழைத்தது. சொந்த நாடு ஒப்பவில்லை. அவர் குடும்பத்தின் நிலையும் விந்தையானதே. வாரிசில்லாத திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்கு 1900இல் இரு சிறுமியர் தத்தெடுக்கப்பட்டனர். சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி என்னும் அவ்விருவரும் ரவிவர்மாவின் இரு புதல்வியருக்குப் பிறந்த பேத்தியர். மடியில் வளர்ந்த பேத்தியர் இராணியராயினர். பாட்டனாரோ அரண்மனை மரபில் அவர்களுக்குக் கீழ்ப்பட்டவரானார்.

1905இல் தம்பி ராஜராஜவர்மா காலமானார். பின்னணி எழுதிய கை போயிற்று. நீரிழிவால் தளர்ந்திருந்த ரவிவர்மா அந்த இழப்பிலிருந்து மீளவில்லை. 1906 அக்டோபர் 2ஆம் நாள், பிறந்த கிளிமானூரிலேயே, ஐம்பத்தெட்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மளவளி அச்சகம் 1972இல் தீவிபத்துக்கு இரையாயிற்று.

ரவிவர்மா மறைந்து பதினெட்டு ஆண்டுகள் சென்று, 1924இல், வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சென்று சிறை புகுந்தது அப்போராட்டத்தில்தான். அவ்வாண்டிலேயே ஆட்சிப் பொறுப்பேற்றவர் ரவிவர்மாவின் மூத்த பேத்தி சேது லட்சுமி பாயி. அவர் ஆட்சிக் காலத்தில், 1925இல், அவ்வீதிகளுள் பெரும்பாலானவை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. கோயிற்கதவு மட்டும் திறக்கவில்லை. 1931இல் இளைய பேத்தி சேது பார்வதி பாயியின் மைந்தர் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிக்கு வந்தார். 1936 நவம்பர் 12ஆம் நாள், திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் துணைநிற்க, பிறப்பாலோ குலத்தாலோ எந்த இந்துவும் தம் ஆட்சிக்குட்பட்ட கோயில்களில் நுழைந்து வழிபடத் தடையில்லை என்னும் பிரகடனத்தில் அவர் கையொப்பமிட்டார். அப்போது மகாராஜாவிற்கு வயது இருபத்து நான்கு. அவர் அன்னையார், பாட்டனார் ரவிவர்மா கடக்காத கடலை அதற்கு முன்னரே கடந்து ஐரோப்பா சென்று வந்திருந்தார்.